காலியாகத் திருப்பக்கூடாத கேரியர்

சென்னிமலை முருகன் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மலையேறி வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். முழங்கால்தான் ஒத்துழைக்க வேண்டும்.

1

இந்தக் கதை பிறந்தது பீளமேட்டில், ஒரு கார் ஆக்ஸஸரீஸ் கடையில். கடைக்காரர் வரதராஜுலு என் சிநேகிதர். நோட்டீஸ் அடிக்க நாலு வரி எழுதித்தரச் சொன்னார். கார் கூரைமேல் மாட்டும் கேரியர், சாமானை இழுத்துக் கட்டும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு, கண்ணாடியில் ஒட்டும் வெயில் திரை, போன் ஸ்டாண்டு.

"எல்லாம் வந்துரோணுங்க. படிச்சதும் ஜனங்க கடைக்கு ஓடியாரோணும்."

முதல் வரி எழுதினேன்: 'சுமை என்பது மனிதனின்...' அடித்துவிட்டேன். மனிதன் சுமையை ரொம்ப நாளாகத் தலையில்தான் தூக்குகிறான். அதைச் சொன்னால் கயிறு விற்காது.

இரண்டாவது வரி: 'பொங்கியண்ணன் ஒரு கேரியர் வாங்கினார்.' இது நின்றது. நோட்டீஸ் அங்கேயே செத்துப்போனது.

2

பொங்கியண்ணன் வீடு எங்கள் வீதியின் கிழக்குக் கோடி. அவிநாசிப் பக்கம் தோட்டம், இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி. அவருக்கு முதலில் பெரிய மீசை வைத்துப் பார்த்தேன். வைத்த உடனே மனிதர் யாரையாவது மிரட்டத் தேடினார். எடுத்துவிட்டேன். மீசை இல்லாத பொங்கியண்ணன் சைக்கிள்காரருக்கும் காரை ஒதுக்கி வழிவிடுகிறவர். கதைக்கு இது பெரிய சிக்கல். திட்டுவதற்கு ஆள் இல்லை.

மேற்குக் கோடியில் சென்னியப்பன், பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியர். அவருடைய அம்மா மாசாணியம்மாள், பொங்கியண்ணனின் அப்பா தோட்டத்தில் களை எடுத்தவர். களை எடுத்த நாளெல்லாம் அந்த வீட்டுச் சோறு அவருக்கு உண்டு, வாசலுக்கு வெளியே.

(இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்தேன். கதையின் பாரத்தில் முக்கால்வாசி அதன்மேல்தான் ஏற்றப்போகிறேன் என்பதால் விட்டுவைத்தேன்.)

3

மாசாணியம்மாள் மகன் வீட்டோடு வந்துவிட்டார். ஊரில் கிடந்த அவருடைய கட்டில் வந்தபாடில்லை. சென்னியப்பன் கிழக்குக் கோடிக்குப் போனார்.

"ஏனுங்க, கேரியர் ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா அம்மா கட்டிலைக் கொண்டாந்துருவனுங்க."

"அட, எடுத்துட்டுப் போங்க. கயித்தையும் சேத்திக் கொண்டுபோங்க. கட்டிலுக்கும் நாலு காலு இருக்குது, பாதி வழியில எறங்கி நடந்துபோட்டா?"

கட்டில் வந்தது. கேரியரைத் திருப்பவேண்டும். எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பமாட்டார்கள். சர்க்கரையோ அரிசியோ, ஒரு பிடி போட்டுத்தான் தருவார்கள். கேரியருக்கு இந்தச் சட்டம் உண்டா? சென்னியப்பனின் மனைவி கயல்விழி தீர்ப்புச் சொன்னார்:

"பாத்தரம்னா என்னங்க, பொருள் வெக்கறதுதானுங்களே? அப்ப இதும் பாத்தரந்தான்."

கேரியரில் ஒரு வாழைத்தார் போயிற்று.

தாரைக் கட்டியிருந்தது சென்னியப்பனின் சொந்தக் கயிறு. அதைத் திருப்பித் தரவேண்டியது இப்போது பொங்கியண்ணன் மனைவி சாமியாத்தாளின் பொறுப்பு.

"வெறுங்கயித்தையா குடுத்தனுப்பறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

ஆகவே தேங்காய் மூட்டை. மூட்டையைக் கட்ட மறுபடி கேரியர். மேற்கே போன கேரியர் அங்கேயே தங்கியது. தங்கினால் இரவல். இரவல் என்றால் காலியாகத் திருப்பக்கூடாது.

4

[வரதராஜுலு இதுவரை படித்துவிட்டு: "ஏனுங்க, வெயில் திரை எப்பங்க வரும்?"]

இதோ வருகிறது.

எங்கள் வீதி ஒருவழிப்பாதை. மேற்கிலிருந்து கிழக்கே நேராகப் போகலாம். கிழக்கிலிருந்து மேற்கே வரவேண்டுமானால் அவிநாசி ரோட்டைச் சுற்றவேண்டும். சுற்றிப் பூசணிக்காய் வந்தது. நேராகப் பலாப்பழம் போனது. சுற்றி ஆட்டுக்கல் வந்தது. காரின் முன் சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்ததை நானே பார்த்தேன். ஒரு நாள் கேரியர்மேல் கன்றுக்குட்டி நின்றுகொண்டு வந்தது. வெயில் படக்கூடாதென்று அதன் நெற்றியில் வெயில் திரையை ஒட்டியிருந்தார்கள். சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"நீங்க பெல்ட் போட்டிருக்கீங்க, சரி. மேல இருக்கறவரு?"

"கயிறு போட்டிருக்கறாருங்க," என்றார் பொங்கியண்ணன்.

"அப்பச் சரி, போங்க."

(நம்பாதவர்கள் கன்றுக்குட்டியைக் கேட்டுக்கொள்ளலாம்.)

யாராவது ஒருவர் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யார்? சென்னியப்பன் நிறுத்தினால், 'கொடுக்க வக்கில்லை' என்றாகும். பொங்கியண்ணன் நிறுத்தினால், 'உங்களுக்கு இவ்வளவு போதும்' என்று சொன்னதாகும். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள். மரியாதைக்குக் கியர் உண்டு, பிரேக் கிடையாது.

5

இங்கே மாசாணியம்மாளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுக் கதையைக் கன்றுக்குட்டியோடு முடிப்பதாகத்தான் திட்டம். அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். நான் எழுதிக்கொடுக்காத பேச்சைப் பேசினார்.

"ஏங்கண்ணு, தின்றதுல நாம குடுத்துவிட்டதும் பச்சை, அவிய குடுத்துவிட்டதும் பச்சை. ஒண்ணாச்சும் அடுப்பேறுனதா?"

சென்னியப்பன் பூசணிக்காயைக் கட்டிலடியில் தள்ளினார்.

"காய்க்கும் பழத்துக்கும் என்னைக்கு வாசல் அடைச்சிருந்துது? அந்தக் காலத்துலயே நாங்க பறிச்சதைத்தான தின்னாங்க. நம்மூட்டுச் சோத்தைத் திம்பாங்களா, அதைச் சொல்லு."

"வேண்டாங்கத்தை," என்றார் கயல்விழி. "திங்காம வெளிய கொட்டிப்போட்டா உங்களுக்குத்தான் மனசு கெடும்."

"கெட்டாக் கெடட்டும் அம்மணி. தெரிஞ்சுக்கோணும்."

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். சின்ன வெங்காயம் தாராளம், மேலே நெய். தூக்குப்போசியில் போட்டு மூடினார். மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். மாசாணியம்மாள் ஒப்பவில்லை. பலாப்பழம் போன வழியில்தான் சோறும் போகவேண்டும். அத்தனை பெரிய கேரியரின் நடுவில் ஒற்றைப் போசி, வீட்டிலிருந்த கயிறெல்லாம் போட்டு இழுத்துக் கட்டியது. சென்னியப்பன் முதல் கியரில் ஓட்டினார். பின்னால் வந்த பைக்குகள் ஹாரன் அடித்தன. நான் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். இதைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

சாமியாத்தாள் வந்து போசியை வாங்கினார். மூடிமேல் கை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்குதுங்களே. யாரு செஞ்சது?"

"அம்மாங்க."

"செரி," என்றார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. காற்றாலா, கையாலா, தெரியவில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் சாமியாத்தாள் தட்டுப் போடுகிறார். பொங்கியண்ணன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவதில் சோறு தோட்டத்து நாய்க்குப் போகிறது. அந்த நாய்க்கு ஒரு பத்தி எழுதினேன். ருசித்துத் தின்றது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, போசி திரும்பி வருவது. பொங்கியண்ணன் வீட்டிலிருந்து வருவதால் நேராக வரமுடியாது, அவிநாசி ரோட்டைச் சுற்றவேண்டும். மாசாணியம்மாள் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார். போசி காலியாக வராது, அது அவருக்குத் தெரியும். உள்ளே ஒரு பிடி சர்க்கரை இருந்தால் அது பழைய பதில். அந்த வீட்டு அடுப்பில் வெந்தது ஏதாவது இருந்தால்—

"என்னங்க அம்மா, வெயில்ல உக்காந்துட்டு? உள்ள வாங்க," என்கிறார் மகன்.

"வண்டி வரட்டும், இரு."

கார் சிக்னலில் நிற்கிறது. மேலே போசி. எனக்கு வயதாகிவிட்டது, அத்தனை உயரம் எட்டி மூடியைத் திறக்க முடியாது. நீங்கள் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

[வரதராஜுலு கடைசிவரை படித்தார். "போன் ஸ்டாண்டு வரவே இல்லீங்களே," என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, "சோத்தைத் தின்னாங்களாங்க?" என்றார்.]

ஆணையிட்டுத் தொடங்கியதால் ஒரு தகவலைச் சேர்த்துவிடுகிறேன். மாசாணியம்மாளின் கட்டில் வாடகை டெம்போவில் வந்து இறங்கியது. பொங்கியண்ணன் வீட்டுக் கேரியரை இதுவரை யாரும் இரவல் கேட்டதில்லை.