வாய் நிறையத் தண்ணீர்

கோர்ட் டைப்பிஸ்ட்டின் மகன் துப்பிய தண்ணீரில் அவனுடைய ஆறு வயதிலேயே முட்டை வெந்தது. அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வழக்குகளை நாளெல்லாம் தட்டி வெறுத்துப்போன அந்த மனிதர், கோபமே அறியாத ஒரு பிள்ளையை வளர்த்துக் காட்டுவதென்று, மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்திருந்தார். முறை சுலபம். கோபம் வந்தால் பையன் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். தணிந்த பிறகு துப்பலாம். பொம்மையைப் பிடுங்கினாலும் தண்ணீர், அடித்தாலும் தண்ணீர். துப்பும்போது அது கொதித்தது. "பாத்தியா, கோபமெல்லாம் வெளியே வந்துடுச்சு" என்று அப்பா பூரித்தார். வாய் வெந்தது பிள்ளைக்கு, பெருமை இவருக்கு.

பக்கத்து வீட்டார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கேஸ் சிலிண்டர் தீர்ந்த நாட்களில் கிண்ணத்தோடு வந்தார்கள். பையனைக் கொஞ்சம் சீண்டிவிட்டால் சவரத்துக்கு வெந்நீர் ஆயிற்று. வெட்கங்கெட்ட ஜனம். அப்பா தன் முறையைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிக் கைதட்டு வாங்கினார். பள்ளி முடிவதற்குள் பையனின் நாக்கு செத்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் அவனுக்கு ஒன்றுதான். அம்மா மட்டும் கத்தினாள். "புள்ள வாய் வெந்து கிடக்கு, உங்களுக்குக் கைதட்டு கேக்குதா?" அவளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார் மனிதர். நெஞ்சழுத்தம் என்றால் அதுதான்.

மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம், நிரம்பிய மண்டபத்தில், அவனை மேடையேற்றி, இதுதான் கடைசிப் பரீட்சை என்று அறிவித்துவிட்டு, முன்வரிசையில் இருந்த மனைவியைக் கைகாட்டினார். "இவ ஒரு மண்டு. இவகிட்ட விட்டிருந்தா இவன் ரவுடியாத்தான் ஆகியிருப்பான்." சபை சிரித்தது. மகன் பழக்கதோஷத்தில் வாய் நிறையத் தண்ணீர் எடுத்தான். அம்மா தலைகுனிந்து இருப்பதைப் பார்த்தான். மேடையிலேயே துப்பினான்.

"போதும்ப்பா! அம்மாவ இன்னொரு வார்த்தை சொன்னீங்க, அப்பான்னு பாக்கமாட்டேன்!"

மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்டது. துப்பிய தண்ணீர் சில்லென்று இருந்ததாக முன்வரிசைக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்து கை ஓங்கியது. மகன் டம்ளரை நீட்டினான். "நீங்க குடிங்க." அத்தனை பேர் முன்னால் வேறு வழி? வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். மூக்கு வழியே ஆவி வந்தது.

அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. காலையில் அவர் துப்பும் தண்ணீரில்தான் வீட்டுக்கு முட்டை வேகிறது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மகனுக்கு நாக்கு திரும்பிவிட்டது. நேற்றுகூட, முட்டைக்கு உப்பு வைக்கவில்லை என்று வீடே அதிரக் கத்தினான்.

"கத்துடா, இன்னும் நல்லாக் கத்து" என்று சொல்லிக்கொண்டே அம்மா உப்பு எடுக்கப் போனாள்.