ஏரிக்கரை நெட்டு

ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. காலை பதினொரு மணிக்கெல்லாம் காலி. நான் ஒரு பாட்டுக் கேட்கவில்லை, ஒரு படம் பார்க்கவில்லை. ஆனால் 'தங்களது இன்றைய டேட்டா முழுவதும் பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்று மரியாதையாக ஒரு செய்தி வந்துவிடும். அந்த மரியாதையைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. தொண்டையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. சிங்கவரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கே நூறு நாள் வேலைக்கு நான்தான் பொறுப்பாளர். ஏரியின் இந்தக் கோடியில் நின்று நான் கூப்பிட்டால், அந்தக் கோடியில் மண் வெட்டுகிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்வார்கள். "மணியக்கா இருக்க சொல்ல மைக் செட்டு எதுக்கு?" என்று கவிதா கிண்டல் செய்வாள். கவிதாவுக்கும் வாய் சளைத்ததில்லை.

பொறுப்பாளர் என்றால் மண்ணை அளப்பதுதான் பெரிய வேலை என்று நினைப்பீர்கள். அது கிடக்கட்டும், போட்டோதான் பெரிய வேலை. காலையில் வேலை தொடங்கும்போது எல்லோரையும் நிற்க வைத்து ஒன்று, மதியம் முடியும் நேரத்தில் இன்னொன்று. இரண்டும் எடுத்த கையோடு நெட்டில் ஏற வேண்டும். இரண்டாவது ஏறாவிட்டால் வருகை இல்லை, கூலி இல்லை. காலை முழுக்க வெயிலில் வெட்டின மண் சும்மா வெட்டின மண்தான்.

போட்டோ அனுப்பும் போன் பழசு. அதில் சிம் போடும் இடம் உடைந்துவிட்டது. அதனால் என் சொந்த போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்து, அதிலிருந்து நெட் வாங்கி அனுப்புவேன். நடுவில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அந்தக் கிழட்டு போன் பிடிக்காமல் அழிச்சாட்டியம் பண்ணும். அதனால் காலையில் திறந்தால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மூடுவது.

நெட் தீர்ந்த பிறகும் ஊர்ந்து ஊர்ந்து எப்படியோ ஏறிக்கொண்டிருந்த இரண்டாவது போட்டோ, ஒரு செவ்வாய்க்கிழமை ஏறவில்லை. பட்டனை அழுத்தினேன், போய்விட்டது என்று நினைத்து எல்லோரையும் அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. நெட் தீர்ந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. மறுநாள் ஏரிக்கரையில் என்னை யாரும் அடிக்கவில்லை, அவ்வளவுதான். பஞ்சாயத்து கிளார்க் கூப்பிட்டு, "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதாம்மா" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கவிதா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"நாங்க வெயில்ல வேவறோம். பொறுப்பாளரம்மா நெழல்ல குந்திக்கினு சீரியல் பாத்து நெட்ட தீத்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நம்பியும் விட்டார்கள். அதற்கடுத்த நாளும் பதினொரு மணிக்கு நெட் தீர்ந்தது. கவிதாவிடமே போய் நின்று, அவள் போனிலிருந்து நெட் வாங்கித்தான் போட்டோவை அனுப்பினேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனை நீட்டினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வேலை போனாலும் வேறு வேலை பார்த்துக்கொள்வேன். ஊர்ப் பெண்களின் கூலியைச் சீரியல் பார்த்துத் தின்றவள் என்ற பேரோடு அந்த ஊரில் எப்படி இருப்பது?

முதலில் என் வீட்டுக்காரர் குருவைத்தான் பிடித்தேன். "நீதான் என் போன எடுத்து ரீல்ஸ் பாக்கற" என்று எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டினேன். "உன் போன தொட்டா கைய ஒடைச்சிடுவ. அதுல நான் எதுக்கு ரீல்ஸ் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

சனிக்கிழமை பஸ் பிடித்துச் செஞ்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பீமாராவ் போன் கடை வைத்திருக்கிறான். என் தம்பியோடு படித்தவன். போனை வாங்கி, உள்ளே எங்கெங்கோ போய்ப் பார்த்தான்.

"யக்கா, நீ பாக்கறது ஒன்னும் பெருசா இல்ல. எல்லாம் ஹாட்ஸ்பாட்டு வழியா போவுது."

"அதுல என் பழைய போன் மட்டுந்தான்டா இருக்குது. ரெண்டே ரெண்டு போட்டோ."

"ரெண்டு போட்டோவுக்கு இத்தினி போவாதுக்கா. வேற யாரோ கூட குந்திக்கினு சாப்புடறாங்க. பாஸ்வேர்டு யாருக்குனா குடுத்தியா?"

"நான் எதுக்குடா குடுக்கறேன்? சத்தியமா இல்ல."

"அப்ப ஏரிக்குப் போனதும் இந்த எடத்துல தொட்டுப் பாரு. எத்தினி போன் ஒட்டிக்கினு இருக்குதுன்னு காட்டும். புடிக்கலன்னா இங்கயே தொரத்தி உட்டுடலாம்" என்று சொல்லிக்கொடுத்தான்.

திருடியைத் துரத்தும் பட்டன் கையில் இருக்கிற தெம்பில் திங்கட்கிழமை ஏரிக்குப் போனேன். முதல் போட்டோ ஏறியது. பத்து மணி வரை பொறுமையாக இருந்தேன். நான் பொறுமையாக இருந்தது எனக்கே ஆச்சரியம். பிறகு பீமாராவ் சொன்ன இடத்தைத் தொட்டேன். இரண்டு போன் என்று காட்டியது. ஒன்று என்னுடைய பழசு. இன்னொன்று ஏதோ எழுத்தும் நம்பரும்.

கரைமேல் ஏறி நின்றேன். எதிரே ராஜகிரி மலை தெரிந்தது. அதில் முட்டித் திரும்பி வருகிற அளவுக்குக் கத்தினேன்.

"யாரு என் நெட்ட திருடறது? எல்லாரும் போன எடுத்துக்கினு இங்க வாங்க! சீரியல் பாத்தது நானா நீங்களான்னு இன்னைக்கு தெரிஞ்சிடும்!"

எல்லோரும் வந்தார்கள். கவிதா முதல் ஆளாகப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. சின்னப்பொண்ணு, ரத்தினம்மாள் எல்லோரும் காட்டினார்கள். பாதிப் பேர் வைத்திருந்தது பட்டன் போன். யாரிடமும் அகப்படவில்லை.

"அம்மாக்கண்ணக்கா மட்டும் வரல" என்றாள் சின்னப்பொண்ணு.

அம்மாக்கண்ணு அக்கா ஏரியின் நடுவில் மண்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். வேலையில் ஒரு நாள் பின்வாங்காதவள். அதிர்ந்து பேசமாட்டாள். அவளுடைய பை, எல்லோருடைய சாப்பாட்டுப் பையோடும் வேப்பமரத்தில் தொங்கியது. மற்றவர்கள் ஒரே கிளையில் மாட்டியிருந்தார்கள். அவளுடையது மட்டும் மண் கொட்டப் போகும் வழியில், தலை உயரத்தில் தனியாக இருந்தது. கவிதா போய் அதற்குள் கையை விட்டாள்.

"மணியக்கா, எரியுது! போன் எரியுது!" என்றாள். தீ இல்லை, வெளிச்சம்.

வாங்கிப் பார்த்தேன். வீடியோ கால். ஒரு அறை தெரிந்தது. கட்டில், மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. கட்டிலில் அம்மாக்கண்ணு அக்காவின் வீட்டுக்காரர் கோதண்டராமன் மாமா படுத்திருந்தார். மழைக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது ஊருக்கே தெரியும். போய்ப் பார்த்தோம், ஆப்பிள் கொடுத்தோம், அத்தோடு மறந்தோம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் இடது கையை லேசாகத் தூக்கினார். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மாக்கண்ணு அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, அவருக்கு இன்னா ஆச்சு? உழுந்துட்டாரா?" என்று என் கையிலிருந்து போனைப் பறித்தாள். மாமா கட்டிலில்தான் இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இன்னாக்கா இது? காலையிலேர்ந்து ஓடுதா?" என்று கேட்டேன்.

"தெனமும் தாம்மா. எம் மவன் ரஞ்சித்து மெட்ராஸ்லேர்ந்து அவருக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்து, தலமாட்டுல நிக்க வச்சிட்டுப் போனான். அதுக்கு அவன் காசு போட்டுடறான். நான் இங்க வந்ததும் கூப்புடுவேன். பச்சைய அழுத்த அவருக்கு இடது கை போதும். ஒவ்வொரு கூடையும் கொட்டிட்டுத் திரும்ப சொல்ல ஒரு பார்வ பாத்துக்குவேன். பதினோரு மணிக்கு மேல படம் அப்படியே நின்னுடும், சத்தம் மட்டும் போவும்."

"பேசறது கூட இல்லியே."

"பேச இன்னா இருக்குது? கார்த்திகை மாசம் ஒரு நாள் கட்டில்லேர்ந்து உழுந்துட்டாரு. கத்தறதுக்கு வாய் வரல. நான் மதியம் போற வரைக்கும் தரையிலயே கெடந்தாரு. தண்ணி சொம்பு கைக்கு எட்டாத தூரத்துல இருந்துச்சு. அன்னையிலேர்ந்து என்னால பாக்காம வேல செய்ய முடியல. வேலைக்கு வராமலும் முடியல."

நான்தான் கேட்டேன். "சரிக்கா. என் நெட்டு உன் போனுக்கு எப்படி வந்துச்சு?"

அவள் விழித்தாள். "உன் நெட்டா? இது ஏரிக்குக் குடுத்ததில்லியா?"

"ஏரிக்கு யாருக்கா நெட்டு குடுக்கறது?"

"போன மாசம் ஆதார் கார்டு எடுத்தாரலன்னு திட்டுனியே. ரஞ்சித்து அத வாட்சப்புல அனுப்பனப்ப, நீதானம்மா என் போன்ல ஏதோ தட்டி எறக்குன. அன்னைக்கு மேல வந்துச்சு, விசிறி மாரி ஒரு குறி. அதுலேர்ந்து ஏரிக்கரைக்கு வந்தா தானா வருது, ஊருக்குள்ள போனா போயிடுது. வேல செய்யற எடத்துல நெழலுக்குப் பந்தல் போடறாங்க, தண்ணி வைக்கறாங்க, மருந்துப் பொட்டி வைக்கறாங்க. அதோட நெட்டும் வைக்கறாங்கன்னு நெனச்சேன். ரஞ்சித்து என் போனுக்கும் நெட்டு போடறேன்னான். ஏரியிலயே இருக்குதுடா, உனக்கு எதுக்கு வீண் செலவுன்னு நான்தான் வேணாம்னேன்."

அவள் சொல்வதில் ஒரு ஓட்டை இருந்தால் கத்தியிருப்பேன். இல்லை. பந்தல் கொடுக்கிற அரசாங்கம் நெட்டும் கொடுக்கும் என்று நம்பியதில் என்ன தப்பு? ஆதாரை இறக்க என் ஹாட்ஸ்பாட்டில் அவள் போனைச் சேர்த்துவிட்ட நான்தான் அதை மறந்திருக்கிறேன்.

ரத்தினம்மாள்தான் மெல்லச் சொன்னாள். "செவ்வாக்கெழம கூலி போனது இதுலதானா?"

அப்போதுதான் அம்மாக்கண்ணு அக்காவுக்கு முழுசாக விளங்கியது. எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். "உங்க எல்லார் வயித்துலயும் நானா அடிச்சேன்?" என்றாள். போனை முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தாய்யா, வெக்கறேன். எழுந்திரிக்கப் பாக்காத. ஒன்னுக்கு வந்தா டப்பா பக்கத்துல இருக்குது. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிவப்பை அழுத்தினாள். பையில் போட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

என் பேர் சுத்தமாகிவிட்டது. நான் கேட்டது அதைத்தான். ஆனால் அன்றைக்குப் பந்தலில் உட்கார முடியவில்லை. அம்மாக்கண்ணு அக்கா மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பழக்கத்தில் பைக்கு முன்னால் நின்றாள். நின்ற பிறகு ஞாபகம் வந்து நடந்தாள். நான்கைந்து தரம் பார்த்தேன். அதற்குமேல் பார்க்க எனக்கு மனசில்லை.

கவிதாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று மரத்துக்குப் போனாள். அம்மாக்கண்ணு அக்காவின் போனை எடுத்தாள், தன் போனையும் எடுத்தாள், ஏதோ தட்டினாள்.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

"என் நெட்டு ஊட்ல சும்மா கெடந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு தானா அழிஞ்சி போவுது. மாமா பாத்தா தேஞ்சா பூடும்?" என்றாள் என்னைப் பார்க்காமலே. பிறகு ஏரியைப் பார்த்து, "யக்கா! கூப்புடு மாமாவ!" என்று கத்தினாள். என் தொண்டைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாள்.

அன்றைக்கு இரண்டாவது போட்டோ முதல் அழுத்திலேயே ஏறியது. மறுநாள் சின்னப்பொண்ணு தன் நெட்டைத் திறந்தாள், அதற்கு மறுநாள் ரத்தினம்மாளின் மருமகள். யாரும் முறை போட்டுப் பேசவில்லை. காலையில் வந்ததும் யார் போனில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள், ஒருத்தி திறப்பாள், அது தீர்ந்தால் இன்னொருத்தி.

நான் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். நான் வாயைத் திறந்து திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த அறைக்குள் ஒரு நோயாளியின் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தால் கூசியது. அதனால் கத்துவதை விட்டேன். இரண்டாவது போட்டோவுக்குக்கூட ஒவ்வொருத்தியிடமும் நடந்துபோய், "வாம்மா, நேரமாச்சு" என்று கூப்பிட்டேன். "மணியக்காவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார்கள்.

வியாழக்கிழமை மதியம் அப்படி நடந்துபோகும்போது வேப்பமரத்துப் பையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. பயந்துபோய்ப் போனை எடுத்தேன். மாமா கட்டிலில்தான் இருந்தார். வாயைக் கோணி என்னவோ சொல்லப் பார்த்தார்.

"இன்னா மாமா? அக்காவ கூப்புடட்டுமா?"

"ம... ணி" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்து, "க... த்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அதற்குள் அம்மாக்கண்ணு அக்கா கூடையோடு வந்துவிட்டாள்.

"மூணு நாளா அதான் கேக்கறாரு. உனக்கு இன்னா ஆச்சுன்னு. அவருக்குக் கடிகாரம் தெரியற பக்கம் திரும்ப முடியாதும்மா. நீ ரெண்டாவது போட்டோவுக்குக் கத்துனா, நான் ஊட்டுக்குக் கெளம்பப் போறேன்னு அவருக்குத் தெரியும். இப்ப நீ கத்தாததால நான் எப்ப வருவேன்னு தெரியாம வாசலையே பாத்துக்கினு கெடக்கறாராம்."

போனைக் கையில் பிடித்தபடியே கரைமேல் ஏறினேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"எல்லாரும் வாங்கடீ! ரெண்டாவது போட்டோ! வேல முடிஞ்சிபோச்சு! கவிதா, அங்க இன்னாடி பேச்சு? உன்ன வெத்தல பாக்கு வச்சி கூப்புடணுமா? ஊட்டுக்குப் போவணும், வாங்கடீ!"

ஏரி முழுக்கச் சிரிப்பு எழுந்தது. போனில் பார்த்தேன். மாமா இடது கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த துண்டைத் தேடி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலைந்திருந்த தலைமுடியை ஒரு பக்கமாகத் தடவி விட்டுக்கொண்டார்.