றொபேட்டை ஓகூஸுக்குக் கொடுத்தோம்

றொபேட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று பேசக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று நிறோஷினி சொன்னபோது நான் தொலைபேசியிலேயே கத்திவிட்டேன். கயிற்றைப் பிடித்துக் கொடுக்க அவன் என்ன ஆட்டுக்கடாவா? நிறோஷினி இருபத்துநான்கு வயதுப் பிள்ளை. கழகத்தின் செயலாளர், என் பழைய கூட்டாளி கபிலனின் மகள். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "மாமா, ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடக் கன்ரீனை எடுத்தாச்சு" என்றாள். இந்த டெனிஸ் நாட்டில் பிறந்ததுகளோடு சண்டை பிடித்தும் பயனில்லை. நாங்கள் வாய் திறக்க முதல் இடத்தைப் பதிந்துவிடுவார்கள்.

என் பெயர் தவராஜா. பிரெடெரிசியா நகரத்து வளர்பிறை விளையாட்டுக் கழகத்துக்குப் பதினாறு வருடமாக நான்தான் தலைவர். அதற்கு முன்னர் பதினைந்து வருடம் விக்கெட் காப்பாளர். மென்பந்துக் கிரிக்கெட்தானே என்று சிரிக்க வேண்டாம். றொபேட் ஓடிவந்து போட்டால் கையுறைக்குள்ளும் உள்ளங்கை சிவக்கும். முப்பது வருடமாக அவன் எங்களுக்குத்தான் பந்து வீசுகிறான். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானம். இவ்வளவுதான் அவனுக்கு. அதில் மூன்றாவதைப் பறிப்பதற்குத்தான் கூட்டம்.

விசயம் இதுதான். இந்த வருடக் கோடைச் சுற்றுப்போட்டிக்கு ஏற்பாட்டாளர்கள் ஒரு புது விதி போட்டார்கள். எட்டுப் பேர் கொண்ட அணியில் ஒருவராவது ஐம்பது வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். பெடியள் மட்டும் ஆடினால் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் இல்லையாம். எங்களிடம் ஐம்பது தாண்டியவர்கள் மூன்று பேர். ஓகூஸ் நகரத்து நீலவானம் கழகத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் அவர்களிடம் டெனிஸ்ரன் இருக்கிறான். இருபத்தொரு வயது, பந்து போட்டால் கண்ணுக்குத் தெரியாது. அவன் படிக்கவென்று கோல்டிங்குக்கு வந்துவிட்டான். இங்கிருந்து இருபது நிமிடம். எங்களுக்கு ஆட அவனுக்கும் விருப்பம்தான், ஆனால் நீலவானம் விடுவிப்புக் கடிதம் தரவேண்டும். அவர்களின் தலைவன் சுஜன் என்னை அழைத்தான்.

"தவமண்ணை, டெனிஸ்ரனை விடுறம். நீங்கள் றொபேட் அண்ணையைத் தாங்கோ."

"எனக்கும் ஐம்பத்தைஞ்சு காணும். என்னைக் கேக்கமாட்டியளோ?"

"உங்கடை முழங்கால் அண்ணை..." என்று இழுத்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

றொபேட்டுக்கு ஐம்பது என்பது எல்லோருக்கும் தெரியும். போன பெப்ரவரியில் அவன் மனைவி மேரிகிறேஸ் தேவாலய மண்டபத்தில் பெரிதாகக் கொண்டாடினாள். சுஜன் ஓகூஸிலிருந்து குடும்பத்தோடு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனவன்.

ஞாயிற்றுக்கிழமை கன்ரீனில் இருபத்தொரு பேர் இருந்தோம். றொபேட் வேலை என்று வரவில்லை. கபிலன்தான் தொடக்கினான்.

"அவன் என்ரை சிநேகிதன். அதாலைதான் சொல்லுறன். போன வருசம் இறுதி ஆட்டத்திலை கடைசி ஓவரிலை இருபத்திரண்டு குடுத்தவன். எனக்குப் பாக்க ஏலாமல் காருக்குள்ளை போய் இருந்தனான்."

நிறோஷினி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். போன வருடம் பதினொரு ஆட்டம், நான்கு விக்கெட். அதற்கு முந்திய வருடம் ஆறு. "இதிலை ஒருத்தரிலையும் கோவமில்லை மாமா, இது கணக்கு" என்றாள்.

"கண்டறியாத கணக்கு!" என்று எழும்பினாள் கிளோறியா. இருபத்தைந்து வருடமாக எங்கள் எல்லா ஆட்டத்துக்கும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருகிற மனுசி. "ஹேர்னிங்கிலை அடுத்தடுத்து மூண்டு பேரைக் கிளப்பினானே, அது உன்ரை மெசினுக்குள்ளை கிடக்கோ? அப்ப நீ தொட்டிலுக்குள்ளை. நான் எண்ணெய்ச் சட்டியை விட்டிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சனான். என்ரை மனுசன் ஒரு கிழமை கதைக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு கூட்டம் கூட்டமாக இருக்கவில்லை. ஆளாளுக்குப் பழசைக் கிளறத் தொடங்கினார்கள். மூடிவிட்ட கடை ஒன்றிலிருந்து எடுத்த கம்பளத்தைச் சுருட்டி வான் வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு போவோம். அதுதான் எங்கள் ஆடுகளம். மழை பெய்தால் அது ஈரத்தில் யானை மாதிரிக் கனக்கும், ஆறு பேர் தூக்க வேண்டும். முதல் வருடம் நாயோடு நடக்க வந்த டெனிஸ்காரர் ஒருவர் தங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ரூண்ட்போல் என்று நினைத்து, நாங்கள் பிழையாக ஆடுகிறோம் என்று ஓடும் விதத்தைச் செய்து காட்டினார். றொபேட் அவரிடமே பந்தைக் கொடுத்துப் போடச் சொன்னான். அடுத்த ஞாயிறும் அந்த மனுசன் வந்து நின்றார்.

நானும் சொன்னேன். தொண்ணூற்றொன்பது, ஹோர்சன்ஸ், இறுதி ஆட்டம். காற்று எதிராக அடிக்கிறது. றொபேட் என்னிடம் வந்து, "அண்ணை, கிட்ட வந்து நில்லுங்கோ, பந்து காத்திலை நிண்டு வரும்" என்றான். வேகப் பந்துக்கு ஸ்ரம்புக்குப் பக்கத்தில் நிற்பது விசர் வேலை. நின்றேன். அவன் எடுத்த ஆறு விக்கெட்டில் மூன்று என் கையால் வந்தது. திரும்பி வரும்போது கப்பை என் மடியில் வைத்துவிட்டு அவன் வானுக்குள்ளேயே நித்திரையாகிப்போனான்.

அப்போது நிறோஷினி, "மாமா, நாங்கள் கடைசியாக் கப் எடுத்தது எப்ப?" என்று கேட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினான்கு. அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதினொரு வருடம்.

"இஞ்சை இருந்தால் றொபேட் மாமா வெளியிலை வாங்கிலைதான் குந்தியிருக்கோணும். அங்கை போனால் விதிப்படி எல்லா மாட்சும் ஆடலாம். எது அவருக்கு நல்லது?"

வாக்கெடுத்தோம். பத்துக்குப் பத்து. கிளோறியா என்னைப் பார்த்தாள், கபிலன் நிலத்தைப் பார்த்தான். தலைவரின் கை மட்டும் மிச்சம். அவனுடைய நல்லதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குக் கப் வேண்டும். ஐம்பத்தைந்து வயதாகிறது, இன்னும் ஒரு தரம் அந்தச் சனியனைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கொடுப்பதற்குக் கை தூக்கினேன். கிளோறியா ரோல்ஸ் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் றொபேட்டை அழைத்தேன். கழகம் முடிவெடுத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கழகம் என்பது நல்ல சொல். அதற்குப் பின்னால் ஒரு ஆள் முழுதாக ஒளிந்துகொள்ளலாம்.

"அப்பிடியோ. சரி அண்ணை" என்றான். "வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. சனிக்கிழமை ஓகூஸிலை கையெழுத்து வைக்கோணும். நான் கூட்டிக்கொண்டு போறன்."

சனிக்கிழமை காலை என் காரில் போனோம். அவன் பழைய பையையும் கொண்டுவந்திருந்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், நான்தான் கதைத்துக்கொண்டு போனேன். டெனிஸ்ரனின் வேகத்தைப் பற்றி, புதுத் தொடர்வண்டிப் பாதையைப் பற்றி, முழங்காலைப் பற்றி. அவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். இடைக்கிடை என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமோ என்று நினைத்தேன். கோபம் மாதிரியும் இல்லை.

சுஜன் வீட்டில் நல்ல வரவேற்பு. வடை, தேத்தண்ணி. அவன் றொபேட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "உங்கடை பந்தைப் பாத்துத்தான் அண்ணை நான் விளையாட வந்தனான்" என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பார், நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் என்று எண்ணினேன். பிறகு படிவத்தை எடுத்தான். இந்த முறை வயதை உறுதிசெய்ய மஞ்சள் அட்டையின் பிரதி வேண்டுமாம். வைத்தியரிடம் போகும்போது காட்டுகிற அட்டைதான். அதில் இருக்கும் இலக்கத்தின் முதல் ஆறும் பிறந்த தேதி.

றொபேட் அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். சுஜன் பார்த்தான். பிறகு எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை... இதிலை எழுபத்தெட்டு எண்டெல்லோ கிடக்கு."

"ஓம்" என்றான் றொபேட்.

"அப்ப நாப்பத்தேழுதானே?"

"கடுதாசியிலை ஓம்."

"என்ன கோதாரிக் கதை இது!" என்று நான் பாய்ந்தேன். "பெப்ரவரியிலை அவன்ரை ஐம்பதுக்கு நீயுமெல்லோ வந்து சாப்பிட்டனீ? ஆளை விட உனக்கு அட்டை பெரிசோ?"

"எனக்கில்லைத் தவமண்ணை. ஏற்பாட்டாளர் அட்டையைத்தான் பாப்பினம். நான் என்ன செய்ய?" பாவம், அவன் முகம் செத்துப்போனது. படிவத்தை மெல்ல மடித்தான். வயது இல்லாவிட்டால் றொபேட் அவர்களுக்குத் தேவையில்லை. அதை அவன் வாயால் சொல்லவில்லை, தட்டை எடுத்து றொபேட்டிடம் நீட்டி, "இன்னொரு வடை எடுங்கோ அண்ணை" என்றான். றொபேட் எடுத்துச் சாப்பிட்டான். மரியாதைக்குச் சாப்பிட்டான் என்று எனக்கு விளங்கியது. அரை மணித்தியாலத்தில் வெளிக்கிட்டோம்.

ஹோர்சன்ஸ் தாண்டும்வரை சுஜனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு ஏற்பாட்டாளர்களை. பிறகு அந்த அட்டையை எழுதினவனை. "எந்த மடையன் உன்ரை வயசைப் பிழையா எழுதினவன்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் அண்ணை."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"றோட்டைப் பாருங்கோ" என்றான். பிறகு, ஆறுதலாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "சாண்ட்ஹோம் அகதி முகாமிலை. தொண்ணூற்று நாலு. எனக்கு அப்ப பத்தொன்பது. அடுத்த நாள் பொலிஸ் விசாரணை. பயத்திலை சாப்பிடேல்லை. நீங்கள் எனக்கு ஒரு வருசம் முந்தி வந்தனீங்கள், உங்களுக்கு எல்லாம் தெரியும். வெளியிலை சிகரெட் குடிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னியள். பதினாறு எண்டு சொல்லடா, பள்ளிக்கூடம் கிடைக்கும், தனியா விடமாட்டாங்கள் எண்டு."

எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த முகாமில் நான் எத்தனை பேருக்கு எத்தனை சொல்லிக்கொடுத்திருப்பேன். சிகரெட் குடிக்கிற இடம் தெரிந்தது, குளிர் தெரிந்தது, அந்தப் பெடியனின் முகம் மட்டும் வரவே இல்லை.

"பென்சனும் மூண்டு வருசம் பிந்தித்தான் வரும்" என்றான் அவன். "அதுக்கு ஒருநாளும் உங்களைக் குறை சொன்னதில்லை. பள்ளிக்கூடம் கிடைச்சதுதானே. கூட்டம் எண்டவுடனை எனக்குப் பயமே வரேல்லை அண்ணை. கடுதாசியிலை அவனுக்கு நாப்பத்தேழு, ஒருத்தரும் கொண்டுபோக ஏலாது எண்டு நீங்கள் எழும்பிச் சொல்லுவியள் எண்டு இருந்தன். போன் எடுத்தியள், சொல்லேல்லை. சரி, காருக்குள்ளை ஏறினால் ஞாபகம் வரும் எண்டு ஏறினன். ஓகூஸ் வரும்மட்டும் பாத்துக்கொண்டு வந்தன்."

"மறந்துபோனன் றொபேட்."

"ஓம். அது விளங்கிட்டுது." பிறகு, "அண்டைக்கு இன்னொண்டும் சொன்னனீங்கள். பதினாறு எண்டு சொல்லு, மற்றதை நான் பாக்கிறன் எண்டு" என்றான்.

வைலே நகரத்துக்கு முன்னால் ஒரு தரிப்பிடம் வந்தது. நான் காரைத் திருப்பி அங்கே நிறுத்தினேன். நிறோஷினியை அழைத்தேன். காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"பிள்ளை, ஞாயிறு வாக்கெடுப்பிலை என்ரை கையை இறக்கி எழுது."

"என்ன மாமா?"

"நான் கை தூக்கேல்லை எண்டு எழுதம்மா. குடுக்கக் கூடாது எண்டு எழுது."

"மாமா, ரெஃபராட் திங்களே எல்லாருக்கும் அனுப்பியாச்சு. ஆர் ஆர் என்ன வாக்கு எண்டு பேரோடை கிடக்கு. றொபேட் மாமாவுக்கும் போனதுதானே. இனி மாத்த ஏலாது."

இந்த நாட்டுக் கழகங்களில் கூட்டம் நடந்தால் ரெஃபராட் என்று ஒரு அறிக்கை எழுதி எல்லோருக்கும் அனுப்புவது வழக்கம். அதை எங்கள் கழகத்தில் கட்டாயமாக்கியதும் நான்தான். ஆக, திங்கட்கிழமையே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் காரில் ஏறியிருக்கிறான், நான் சொன்ன முழங்கால் கதையை ஓம் ஓம் என்று கேட்டிருக்கிறான்.

"அவள் சரியாத்தான் சொல்லுறாள் அண்ணை" என்றான் றொபேட். "தூக்கினது தூக்கினதுதான். பிள்ளையைக் குழப்பாதேங்கோ."

"ஞாயிறு பிராக்ரிசுக்கு வருவியோடா?" என்று கேட்டேன்.

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"காரை எடுங்கோ அண்ணை. மேரிகிறேஸ் சாப்பாட்டோடை பாத்துக்கொண்டிருப்பாள்."

நான் காரை எடுத்தேன்.