குறை சொன்னால் பதில் வரும்

எழுத்தாளர்களைப் புகழ்ந்து எழுதினால் பதில் வராது. குறை சொன்னால் தபால் பறந்து வரும். இது லோகேஸ்வரி அனுபவத்தில் கண்டது. கடல் கடந்த தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு, பெரிய எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பதில் தீராத பைத்தியம். மின்னஞ்சலெல்லாம் அவள் கணக்கில் சேராது. தாள் வேண்டும், அதன் அடியில் மையால் போட்ட பெயர் வேண்டும்.

கோயம்புத்தூர் எழுத்தாளர் ருக்குமணி மட்டும் பிடி கொடுக்கவேயில்லை. பள்ளி நாளிலிருந்து லோகேஸ்வரி உயிராய்ப் படித்த எழுத்து அவருடையது. உருகி உருகி எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதிலில்லை. போன மாதம் அவருடைய பழைய நாவலைத் திரும்பப் படித்தபோது, வசமாக ஒரு பிழை சிக்கியது. கதாநாயகி ஜார்ஜ்டவுன் ஃபெரி துறையில் நின்று, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் சூரியன் மறைவதைப் பார்த்து அழுகிறாள்.

"பட்டர்வொர்த் பக்கம் உதிக்கும்லா, மறையுமா? தெனம் காலையில ஃபெரியில வரும்போது நம்ம முதுகுலதானே அடிக்குது!" என்று பக்கத்து மேசை ஆசியா பீவியிடம் காட்டினாள்.

"எழுதுக்கா. நல்லா காரமா எழுது."

காரமாகவே எழுதினாள். எங்கள் ஊர்ச் சூரியனை இஷ்டத்துக்கு இறக்கிவிடுவீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

பதில் வந்தது. ருக்குமணி சொல்லச் சொல்ல, மகன் தட்டச்சு செய்தது. 'பிழை என்னுடையதுதான். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. எழுதுவதையே விட்டுவிட்டேன். கையெழுத்துக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.' அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

லோகேஸ்வரி அழுதபடி கடிதத்தை ஆசியா பீவியிடம் நீட்டினாள். "எப்பேர்ப்பட்ட மனுஷி! கைநாட்டு வைக்க வெச்சிட்டேனே, பீவி!"

"அழுது என்னக்கா ஆவப் போவுது? இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு அவங்களுக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு லோகேஸ்வரி அன்றே எழுதினாள். 'கையெழுத்து வேண்டாம், அம்மா. அந்தச் சூரியனை மட்டும் நீங்களே சரிசெய்ய வேண்டும். இடது கையால் எழுதுங்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் படித்துவிடுவேன்.' தபாலில் போட்ட பிறகுதான், வரம்பு மீறிவிட்டோமோ என்று பயம் வந்தது. வாரக்கணக்கில் பதிலில்லாமல் போக, அந்தப் பயம் முற்றியது.

பிறகு ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் குட்டையும் நெட்டையுமான எழுத்துகள். ஒரு பக்கமல்ல, பல பக்கங்கள். சூரியன் இப்போது பட்டர்வொர்த் பக்கம் உதிக்கிறது. விடிந்துவிட்டதால் கதாநாயகிக்கு அழத் தோன்றவில்லை, ஃபெரி ஏறிவிடுகிறாள். அக்கரையில் இறங்கி, நாவலில் இல்லாத ஒரு தெருவுக்குள் நடக்கிறாள். கடைசி வரி பாதியில் நின்றிருந்தது.

எட்டிப் பார்த்த ஆசியா பீவி தாள்களைப் புரட்டினாள். "கையெழுத்து எங்கக்கா?"

"கதை எழுதுற மும்முரத்துல மறந்துட்டாங்க லா," என்றாள் லோகேஸ்வரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.