இருநூற்றுப் பதினான்கு பலூன்கள்

சீனிச்சாமி, சாயப்பட்டறையில் கூட வேலை பார்க்கும் அந்தோணிராஜுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். அவனுடைய மொபெட்டை இரவல் வாங்கிப் போய், அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திர வண்டியின் பின்னால் முட்டியதற்கு மெக்கானிக் போட்ட கணக்கு அது. முழங்காலில் பட்ட காயத்தை, டையிங் மிஷினின் கம்பி கிழித்தது என்று மனைவி விஜயராணியிடம் சொல்லி வைத்திருந்தான். ஆயுத பூஜைக்குள் பணம் வராவிட்டால் நடந்ததை அவளிடமே சொல்லி வாங்கிக்கொள்வேன் என்று அந்தோணிராஜ் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதனால்தான் சீனிச்சாமிக்குப் பயம் அதிகம்.

பூஜை நாளும் வந்துவிட்டது. டையிங் பட்டறையில் மத்தியானமே மிஷின்களை நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஐந்து மணிக்கு முதலாளி வருவார். தொழிலாளிகளின் குடும்பங்களும் பொரி வாங்க வரும். விஜயராணியும் வருவாள். அதற்குள் எல்லா மிஷினுக்கும் பலூன் கட்டியாக வேண்டும். காதர்பேட்டையில் வாங்கி வந்த கைப்பம்பு மூன்றாவது பலூனிலேயே வாயைப் பிளந்துவிட்டது.

பலூன் வேலை அந்தோணிராஜின் தலையில் விழுந்திருந்தது. அவன் பலூன் பாக்கெட்டைப் பார்த்தான், சீனிச்சாமியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு பலூனுக்குப் பத்து ரூவா கழிச்சிக்கிடுதேன். ஊதுதியளா?"

சீனிச்சாமி மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். இருநூற்றுப் பதினான்கு. இருபது வருடமாக ஈரத்துணி தூக்கிய நெஞ்சு, காற்றுக்கா அசந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டான்.

முப்பதாவது பலூனில் உதடு லேசாகக் குறுகுறுத்தது. அறுபதில் கால்கள் தரையில்தான் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டான். தொண்ணூறில் உலகமே நல்லதாகிவிட்டது. சந்தனம் பூசிய பாய்லர் அசல் அவன் மச்சானைப் போலவே இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கழிந்தது தொள்ளாயிரம் ரூபாய் என்று நினைத்தபோது இன்னொரு தடவை சிரித்தான். நின்று நிதானிக்க நேரமில்லை. ஒன்றை முடிந்து போட்ட கையோடு அடுத்ததை வாயில் வைத்தான்.

நூற்று முப்பத்தொன்றை முடிந்து கீழே போட்டதும் கைகள் மாட்டிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் குவிந்து, பொரியை ஒரு சிட்டிகை அள்ளப் போகிறவனைப் போல இரண்டு கையும் அப்படியே நின்றுவிட்டன. விரிக்கப் பார்த்தான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை. சிரிப்பு நின்றது. இந்தக் கை இல்லாமல் எந்தப் பட்டறையில் எவன் வேலை கொடுப்பான்? பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கினான். விரல்கள் இன்னும் இறுகின.

முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் மைதிலி ஓடி வந்தாள். கொமரலிங்கம் ஊர்க்காரி. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள், முகத்தைப் பார்த்தாள், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். தரையில் கிடந்த பலூன்களைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"வேற ஒண்ணுமில்லீங்கண்ணா. ரத்தத்துல பி.ஹெச். ஏறிருச்சுங்க."

டையிங்கில் பி.ஹெச். தெரியாதவன் கிடையாது; காரம் கூடினால் அது ஏறும், ஆசிட் சேர்ந்தால் இறங்கும். சோடா போட்ட தண்ணீரில் சாயம் ஏறிய துணிக்குப் பி.ஹெச். பதினொன்று வரை போகும். அசிட்டிக் ஆசிட் ஊற்றி ஆறுக்கு இறக்கினால்தான் துணி அடங்கும். அந்தோணிராஜுக்கு அந்த ஒரு வைத்தியம்தான் தெரியும். ஒரே ஓட்டமாக ஓடி, மக்கில் ஆசிட்டோடு வந்து நின்றான். தண்ணீர் கலந்துதான் கொண்டு வந்திருப்பதாகவும், எத்தனை மில்லி என்று சொன்னால் போதும் என்றும் சொன்னான்.

மைதிலி மக்கைப் பிடுங்கித் தூரத்தில் வைத்தாள். உள்ளே போயிருந்தால் தொண்டை வெந்திருக்கும் என்றாள். பிறகு சீனிச்சாமியின் எதிரில் உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னாள். விடவிடப் பேச்சும் கொடுத்தாள். துணி பதினொன்றிலிருந்து ஆறுக்கு இறங்கினாலும் தாங்கும். ரத்தம் ஏழரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும், ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு மேலே போனால்கூட நரம்பு தானாகத் துடித்துக் கையை மடக்கிவிடும். உடம்புக்குள் ஆசிட்டாக இருப்பது கரியமில வாயுதான். மூச்சை அளவில்லாமல் வெளியே தள்ளினால் அதுவும் கூடவே போய்விடும்.

"உங்க ஆசிட்டெல்லாம் அந்தப் பலூனுக்குள்ள இருக்குதுங்க."

சீனிச்சாமி பலூன் குவியலைப் பார்த்தான்.

"அப்ப ஒண்ணு ரெண்ட அவுத்து உறிஞ்சிக்கிறவா தாயி?"

மைதிலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம், உடம்பில் உள்ள கோடிக்கணக்கான செல்லும் அந்த வாயுவைச் செய்துகொண்டேதான் இருக்கிறது, தூங்கும்போதுகூட நிறுத்துவதில்லை, நீங்கள் சும்மா இருந்தாலே அது நிரம்பிவிடும் என்றாள். பத்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரி என்றும் சொன்னாள்.

சீனிச்சாமிக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பட்டறையே லீவு விட்ட நாளில் உள்ளே கோடிப் பேர் அவனுக்காக ஷிப்ட் பார்க்கிறார்கள். பேட்டா கேட்கவில்லை, பொரி கேட்கவில்லை. நினைக்க நினைக்கத் தலை மறுபடி லேசானது. இந்தத் தடவை மூச்சால் அல்ல. ஆறாவது நிமிடத்தில் சுண்டுவிரல் அசைந்தது. ஒவ்வொன்றாக எல்லா விரலும் வீடு திரும்பின.

ஆனால் இன்று இனி ஊதக் கூடாது என்று மைதிலி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மீதி எண்பத்துமூன்று. எண்ணூற்று முப்பது ரூபாய். மணி நாலு இருபது. சீனிச்சாமி வாசல் பக்கம் பார்த்தான்.

அந்தோணிராஜ் இன்னும் அந்த மக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு பலூனை எடுத்தான்.

"மிச்சத்த நான் ஊதுதேன் அண்ணாச்சி. ஒங்க கணக்குலேயே கழியட்டும்."

ஒவ்வொரு பலூனுக்கும் நடுவில் பத்து எண்ண வேண்டும் என்பது மைதிலியின் உத்தரவு. அவன் ஊதினான், சீனிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பத்து எண்ணினான். எண்ணுவதில் அவசரப்பட்டால் மைதிலி முறைத்தாள். முடிச்சுப் போட சீனிச்சாமியின் விரலுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அந்தோணிராஜுக்கோ முடிச்சு சரியாக வராது. ஊதிய பலூன்களில் சில முடிச்சில்லாமல் அவன் கையிலிருந்து நழுவி, பாய்லரைச் சுற்றிப் பறந்து, மூவரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தன. அவையும் கணக்கில் சேருமா என்று சீனிச்சாமி கேட்டான். சேராது என்றான் அந்தோணிராஜ்.

அப்போதுதான் விஜயராணி வந்தாள். இரண்டு ஆம்பிளைகளும் ஒரு முடிச்சுக்குப் படும் பாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி உட்கார்ந்தாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் விரல். பலூன் கைக்கு வந்தது தெரியும், முடிந்து விழுந்தது தெரியாது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இருநூற்றுப் பதினான்காவது பலூனை அவள் முடிந்தாள். அந்தோணிராஜ் தலைசுற்றிச் சுவரில் சாய்ந்தான். கணக்குச் சரியாகிவிட்டது என்றான். எந்தக் கணக்கு என்று விஜயராணி கேட்டாள்.

சீனிச்சாமியிடம் பொய் ஒன்றுகூட மிச்சமில்லை. சந்தோஷம்தான் இருந்தது. மொபெட்டில் ஆரம்பித்து முட்டிக்காயம் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினான்.

விஜயராணி அவன் வேட்டியை ஒதுக்கி முட்டியைப் பார்த்தாள். பிறகு அந்தோணிராஜ் பக்கம் திரும்பினாள்.

"பாக்கி ஏதும் இருக்கா தம்பி?"

"ஒத்த ரூவா கெடயாது மயினி."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு, பலூனைக் கட்ட நூல் எங்கே என்று கேட்டாள்.