மூன்று மூடி

வலது தோளில் மருந்து டேங்கின் வார் அறுத்த இடம் கன்றிக் கிடந்தது. பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் கழுத்துவரை இழுத்தது. ரசலையன் கை மாற்றிக்கொண்டான். முன் இருக்கையில் சத்தியபாய், மடியில் சுருட்டிய வாழையிலையோடு. வெந்நீர் கொட்டியதுபோல் இலையெங்கும் பழுப்புத் திட்டு. அவளுடைய ஏத்தன் வாழை முழுக்க இப்படித்தான். குலை தள்ளிய நேரத்தில் இலை கருகினால் காய் பருக்காது. ஓணச் சந்தைக்கு நம்பியிருந்த குலைகள்.

போன வாரம் இலைப்புள்ளி நோய்க்கு மருந்தடித்தவன் ரசலையன்தான். வாழையிலையில் மருந்து ஒட்டாமல் உருண்டு விழும் என்று களியக்காவிளை உரக்கடை வைகுண்டராஜன் மருந்தில் கலக்கச் சிலிகான் பசை கொடுத்தார். டேங்குக்குக் கால் மூடி போதும், கூடினால் இலை கருகும், வெயில் ஏறுமுன் அடிக்கணும், வடியவிடப்படாது என்று சொல்லியும் விட்டார். அதுவரை இவன் கலக்கியதெல்லாம் சோப்புத் தண்ணீர். நுரை பொங்கினால்தான் சேர்மானம் சரி என்று கைக்குப் பழக்கம். கால் மூடிக்கு நுரை வரவில்லை. ஒரு மூடிக்கும் வரவில்லை. மூன்று மூடி விட்டான். வேறொருவர் வாழை விளையில் வேலை முடித்து வந்ததில் உச்சி வெயிலும் ஆகிவிட்டது.

"என்னலே, வாழையெல்லாம் குளிச்சிட்டு நிக்குவு?" என்று அன்றே சத்தியபாய் கேட்டாள்.

"மருந்து நல்லா பிடிக்குவு அக்கா" என்று சிரித்திருந்தான்.

இன்று உரக்கடையில் அவள் இலையை மேசைமேல் விரித்தாள்.

"நல்ல பசையாக்கும் தந்தீரு ஓய்! எனக்க வாழைக்குத் தீ வச்ச பசை. கலப்படம் வித்து மாடி கெட்டும்!"

வைகுண்டராஜன் இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு ரசலையனைப் பார்த்தார்.

"எத்தர மூடி விட்டீரு?"

"அவன எதுக்குக் கேக்கேரு? எத்தர வருஷமா மருந்தடிக்கியவன்! சொல்லுலே மக்கா, கால் மூடிதானே?" என்றாள் சத்தியபாய்.

தோள் விண்ணென்று தெறித்தது. உண்மையைச் சொன்னால் இனி எந்த விளைக்குக் கூப்பிடுவார்கள்?

"கால்தான்" என்றான்.

வைகுண்டராஜன் தட்டிலிருந்த பசைப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப் பெட்டிக்குள் இறக்கினார். "இனி இத விக்கல்ல. எனக்க மேலதான் தப்பு இருக்கும்" என்றார், பெட்டியைப் பார்த்தபடி.

வெளியே சத்தியபாய் சாயா வாங்கிக் கொடுத்தாள். "குடிலே. நீ சாட்சிக்கு நின்னதுனாலயாக்கும் அவருக்கு வாயடைச்சுது."

வலது கை எழும்பவில்லை. இடது கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டான். எதிரே வைகுண்டராஜன் பெட்டியைச் சணல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சத்தியபாய்க்கு ஒரு தோட்டத்து இலை, அவருக்கு மூன்று மூடி என்ற ஒரு சொல். இரண்டும் அவன் கொடுக்கவேண்டிய பாக்கி.