லகுவார்தியா மதிலில் எடுத்த படம்

சற்குணம் செத்து இருபத்தேழு நாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். மண்டபம் பிடித்தாயிற்று, ஐயர் பிடித்தாயிற்று, முந்நூறு பேருக்குச் சாப்பாடும் சொல்லியாயிற்று. கல்வெட்டுக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. செத்தவரின் படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் அச்சடித்து, வந்தவர்களின் கையில் கொடுத்தனுப்பும் சின்னப் புத்தகம் அது. அது இல்லாமல் காரியம் முடிந்தால் லண்டனில் உள்ள யாழ்ப்பாணத்துச் சனம் சும்மா விடுமா? அடுத்த முப்பத்தோராம் நாள் வரைக்கும் அதுதான் கதை.

இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டிய மனிதருக்கு ஒரு நல்ல படம் இல்லையா என்று கேட்டால், இல்லைத்தான். லைசென்ஸ் படம், டிப்போ அட்டைப் படம், ஊரவர்களின் கலியாணங்களில் ஓரமாக நின்ற படம். எல்லாவற்றிலும் பொலிஸ் மறித்தவனின் முகம். சிரித்தபடி இருப்பவை ஒரேயொரு கிழமையில் எடுத்தவை. போன வருடம் மகள் பிரசாந்தினி டிக்கெட் போட்டுக் கொடுத்து, ஸ்பெயினில் வைனுக்குப் பேர்போன ரியோஹாப் பக்கம் தாய் தகப்பன் இரண்டு பேரையும் அனுப்பிவைத்த கிழமை. அந்தக் கிழமை முழுவதும் மனைவி மாலினியின் கைபேசியில் கிடந்தது.

அதனால்தான் புதன்கிழமை காலை, புருசனின் தமையன் யோகராஜாவுடன் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பக்கம் இருந்த அச்சகத்துக்கு அவள் வந்திருந்தாள். சேலைக்கடைக்கு மேல்மாடி. ஒரு சுவரில் கலியாணக் கார்டுகள், எதிர்ச் சுவரில் கல்வெட்டுகள். நடுவில் கொம்பியூட்டருக்கு முன்னால் மிதுஷா என்ற பிள்ளை. ஒரு பக்கம் திரும்பினால் தாலி, மறுபக்கம் திரும்பினால் கொள்ளி. பிள்ளை பாவம், கழுத்து உளையாமல் வேலை செய்கிறதே, பெரிய காரியம்.

மாலினி இன்னும் அழவில்லை. குட்மேய்ஸில் உள்ள வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்துடன் தேத்தண்ணியை எடுத்தார்கள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் என்ன செய்ய? பல்லுப் பிடுங்கப் போட்ட விறைப்பு ஊசி இறங்காமல், தாடையில் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது போலிருந்தது. சாப்பிட்டாள், குளித்தாள், குப்பைத் தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைத்தாள். எதுவும் நோகவில்லை.

“ரெண்டு மணிக்குள்ளை பிறின்ற்ருக்குக் குடுக்கவேணும் அங்கிள்,” என்றாள் மிதுஷா. கைபேசியைக் கொம்பியூட்டருடன் இணைத்தாள். படங்கள் பெரிதாக விரிந்தன.

முதலில் பழைய ரயில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு நடைபாதையாக்கியிருந்த ஓர் ஆற்றங்கரை வழி. “ஒரு கிழமைக்கு ஒரு ஸ்டியரிங்கையும் பார்க்கமாட்டன்” என்று சொல்லிப் போன மனிதர், நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அவளை நடத்தினார். ஊருக்கு ஊர் போக மட்டும்தான் பஸ். அதிலும் அந்த ஊர் டிரைவர் பிரேக் பிடிக்கும் விதத்துக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த படத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பெரும் கற்களை நிறுத்திக் கட்டிய ஆதிகாலத்துக் கல்லறை. ஐயாயிரம் வருடத்துக்கு முன் செத்தவர்களின் வீடு. சற்குணம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பார்த்தாவது நெஞ்சு அடைக்க வேண்டாமா? மாலினி காத்திருந்தாள். அடைக்கவில்லை.

பிறகு மலைச்சரிவில் ஒரு பழைய மடம். அங்கே யாரோ ஒரு துறவி, இலத்தீன் ஏட்டின் ஓரத்தில் தன் வீட்டுப் பேச்சிலேயே விளக்கம் எழுதி வைத்தானாம். அறிவிப்புப் பலகையை ஒரு வரி விடாமல் படித்த சற்குணம், “பாத்தியே, பெரிய எழுத்தையெல்லாம் விட்டிட்டு அவன்ரை ஓரத்து எழுத்தைப் பாக்கத்தான் இப்ப சனம் வருகுது” என்றார். யோகராஜா எழுதிக் கொண்டுவந்திருந்த வரலாற்றில் இந்த மடம் ஏற்கெனவே ஏறியிருந்தது. ‘ஐரோப்பியப் புனிதத் தலங்களையும் தரிசித்துப் பேறு பெற்ற அன்னார்’ என்று. வைன் ஊர் புனிதத் தலமாகிவிட்டது. மனிதர் கோயில் ட்ரஸ்டி, அவரால் வேறு எப்படி எழுத ஏலும்?

அடுத்த படம் விரிந்ததும் மிதுஷா கதிரையில் நிமிர்ந்தாள். “ஐயோ அன்ரி, இதுதான்! அங்கிள் எவ்வளவு ஹாப்பியா நிக்கிறார்!”

லகுவார்தியா என்ற மதில் சூழ்ந்த ஊர். மதிலுக்குக் கீழே திராட்சை வரிசைகள், அதற்கப்பால் சாம்பல் மலை. மதிலில் சாய்ந்து, கண் இடுங்க, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார் சற்குணம். வலது கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கையில் பாதி நிறைந்த சிவப்பு வைன் கிளாஸ்.

யோகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“இவன் எப்ப பழகினவன்?” குரல் அடங்கியிருந்தது. “டிப்போவிலை ஊதச் சொல்லிப் பாக்கிறவங்கள் எண்டு கலியாணவீட்டிலைகூடத் தொடமாட்டானே. எனக்கு ஒளிச்சுக் குடிச்சவனோ?”

அது சற்குணத்தின் கிளாஸ் அல்ல. மாலினியின் கிளாஸ். ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, மதிலோரத்துக் கடையில் அவள் வாங்கிக் குடித்த வைன். இரண்டாவது கிளாஸ். அதைச் சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். ஆனால் புருசன் செத்து மாதம் முடியாத பெண் வாய் திறந்து, நான்தான் குடித்தேன் என்று ட்ரஸ்டி முன்னால் சொல்வதா? சொன்னால் அவள் பேர் போகும். சொல்லாவிட்டால் அவர் பேர் போகும். இரண்டும் தெளிவாகத் தெரிந்தது, எதுவும் உறைக்கவில்லை.

“கிளாஸை எடுத்துவிட ஏலுமோ பிள்ளை?”

“ஈசி அங்கிள்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளாஸ் போய்விட்டது. விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடி காற்றில் நின்றன.

“கை வெறுமையாக் கிடக்கு,” என்றாள் மிதுஷா. “ஏதாவது வைக்கவேணும்.”

“விபூதித் தட்டு வை.”

வைத்தாள். பித்தளைத் தட்டு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது விபூதியைக் கண்டு விழுந்து விழுந்து சிரிப்பதுபோல் ஆகிவிட்டது. யோகராஜாவுக்கே அது பொறுக்கவில்லை.

“சிரிப்பைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ?”

“ஏலும்.” மிதுஷா மவுஸைப் பிடித்து மெல்ல இழுத்தாள். சற்குணத்தின் பற்கள் மறைந்தன. கன்னம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். டிப்போ அட்டையின் முகம் வரத் தொடங்கியது.

“நிப்பாட்டுங்கோ!”

மாலினி எழுந்து நிற்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. மிதுஷாவின் கை மவுஸை விட்டு விலகியது.

“அது என்ரை கிளாஸ் அண்ணை. நான்தான் குடிச்சனான். அவர் ஒரு துளி தொடேல்லை. நான் ரெண்டு கையாலையும் படம் எடுக்கவேணும் எண்டு வாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.”

யோகராஜா திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

“அவர் சிரிச்சதும் என்னாலைதான். எனக்குக் கொஞ்சம் ஏறிட்டுது. மதிலிலை ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. அதை பஸ் மணி மாதிரி அமத்தி, ‘டிரைவர், அடுத்த ஸ்டொப்பிலை நிப்பாட்டுங்கோ’ எண்டனான். அதுக்குத்தான் அப்பிடிச் சிரிச்சவர். இருபத்தெட்டு வருசத்திலை அப்பிடி ஒருநாளும் சிரிக்கேல்லை. அதைக் குறைக்காதேங்கோ.”

கீழே சேலைக்கடையில் யாரோ விலை பேசும் சத்தம் மேலே கேட்டது.

“அப்ப அவன் குடிக்கேல்லை,” என்றார் யோகராஜா கடைசியில்.

“இல்லை.”

“எனக்கு ஒளிக்கேல்லை.”

“உங்களுக்கு ஒண்டும் ஒளிக்கேல்லை அண்ணை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ட்ரஸ்டி எங்கேயோ போய்விட்டார், தம்பியைப் பறிகொடுத்த ஒரு கிழவர்தான் அந்தக் கதிரையில் இருந்தார். “ஆனால் மாலினி, கிளாஸோடை போட்டால் சனம் அவனைக் குடிகாரன் எண்டும். விளங்கப்படுத்தினால் உன்னைச் சொல்லும்.”

“என்னைச் சொல்லட்டும். படத்துக்குக் கீழை எழுதிவிடுவம்.”

மேசையில் கிடந்த ஒரு கலியாணக் கார்டைத் திருப்பிப் போட்டு, மாலினி பேனையை எடுத்தாள். ‘அன்னார்’ என்று தொடங்க அவளுக்கு வரவில்லை. வீட்டில் பேசுவதையே எழுதினாள்: ‘கையிலை இருக்கிறது என்ரை கிளாஸ். நான் படம் எடுக்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். மாலினி.’

யோகராஜா அதை இரண்டு தரம் வாசித்தார். வெட்டச் சொல்லப்போகிறார் என்று மிதுஷா காத்திருந்தாள்.

“லகுவார்தியா எண்டு ஊர்ப்பேரையும் போடு பிள்ளை,” என்றார். “இல்லாட்டி இங்கை இல்ஃபோர்ட் பப் எண்டு நினைப்பாங்கள்.”

மிதுஷா ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போனாள். கன்னம் ஏறியது, பற்கள் வந்தன. தட்டுப் போனது. கடைசியில் வைன் கிளாஸ், அந்த விரல்களுக்குள் தன் இடத்துக்கு வந்து நின்றது.

“பிறகு கிளாஸைத் திருப்பித் தந்தவரோ அன்ரி?” என்று அவள் சும்மா கேட்டாள்.

“ஓம். எடுத்து முடிஞ்ச உடனை, ‘இந்தா பிடி, கை உளையுது’ எண்டு...”

மாலினி திரையைப் பார்த்தாள். கை நீண்டபடியே இருந்தது. அதை வாங்குவதற்கு அவளுடைய கை தானாக எழுந்து, திரைக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. அங்கேதான் அந்த ஊசியின் விறைப்பு இறங்கியது. இருபத்தேழு நாள் நோவும் ஒரேயடியாக வந்து அவளை மடக்கிக் கதிரையில் இருத்தியது. “ஐயோ என்ரை அவர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் சேலைக்கடையில் விலை பேசியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யோகராஜா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.